கொய்யா மரத்தில் கண்ட பெரிய விட்டில்

பட்டு என்றதும் நெசவாளருக்குப் பாவும் ஊடையும் நினைவுக்கு வருகின்றன. விவசாயிக்கு மல்பெரித் தோட்டமும் கூட்டு விலையும் நினைவுக்கு வருகின்றன. இவ்விரு சாராருக்கும் பிழைப்பளிக்கும் பூச்சியை நினைப்பவர் சிலரே. நினைக்க வாய்ப்பும் குறைவுதான். கூட்டைச் சூட்டிலோ நீராவியிலோ வைத்து, உள்ளே உறங்கும் கூட்டுப்புழுவைக் கொன்ற பிறகே நூல் இழுக்கிறார்கள். பூச்சி வெளிவந்துவிட்டால் கூடு ஓட்டையாகிவிடும். நல்ல கூட்டில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் அறாமல் ஓடும் இழை துண்டுபட்டுப் போகும். ஆகவே இருபது ஆண்டுகள் கூடு விற்ற அங்கத்தினர்கூடப் பட்டுப்பூச்சி சிறகு விரித்து நிற்பதைக் கண்டிருக்கமாட்டார். கண்டாலும் வியந்து நிற்கும்படி அதில் ஏதும் இல்லை. சுமார் 5,000 ஆண்டுகளாக மனிதன் வீட்டில் வைத்து ஊட்டி வளர்த்ததன் பயனாக, வெளிறிய நிறமும் பருத்த வயிறும் பறக்க உதவாத சிறகுமே அதற்கு மிஞ்சியிருக்கின்றன.

காட்டில் வாழும் அதன் பங்காளிகளோ வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் மிகப் பெரியதொன்றைச் சென்ற ஆவணி மாதத்தில் நம் வீட்டுப் புறக்கடையிலேயே காணவும் படம் எடுக்கவும் நேர்ந்தது. அதைப் பற்றி இம்மாத இதழில் எழுதுவதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமன்று. அதைக் கண்டவுடன் மருந்துத் தெளிப்பானைத் தேடும் வழக்கம் நம் அங்கத்தினரிடையே இருக்கிறது. அவ்வழக்கத்தால் யாருக்கு நஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனைமலைக்கு அருகில், மலையடிவாரத்தில் நாம் குடியிருக்கும் வீட்டிற்கும் அண்டைத் தோட்டத்திற்கும் இடையே எல்லைக் கல்லைப்போல ஒரு கொய்யா மரம் நிற்கிறது. அதற்கப்பால் சில எலுமிச்சைக் கன்றுகள், இரண்டு ஏக்கர் மல்பெரி, அதையடுத்துப் புழு வளர்ப்பு மனை. தோட்டத்துக்காரர் அறுபதைக் கடந்தவர். அவ்வூர்க் கடன் சங்கத்தின் பழைய அங்கத்தினர். அன்று காலை ஆறரை மணிக்கு வேலிக்கு அப்பால் நின்று, "சாருங்க, கொஞ்சம் இப்படி வாங்க. கொய்யா மரத்துல பாம்பாட்டம் ஒண்ணு தொங்குதுங்க" என்று அழைத்தார். நாம் சென்றபோது அவர் தோளில் கைத்தெளிப்பான் ஏறியிருந்தது.

மரத்தின் தாழ்ந்த கிளையில், காய்ந்த இலை சுற்றிய பழுப்பு நிறக் கூடு ஒன்று தொங்கியது. அதைப் பற்றிக்கொண்டு ஒரு விட்டில், விரித்துக் காயப்போட்ட துண்டைப்போலச் சிறகுகளை விரித்து அசையாதிருந்தது. முதற்பார்வைக்குப் பூச்சி என்றே தோன்றவில்லை. செங்கல் காவி நிறத்தில் பெரும் பரப்பு. அதன்மேல் வெள்ளையும் கறுப்பும் இளஞ்சிவப்புமாக, தேர்ந்த கைத்தறிக்காரர் போட்ட கரையைப்போன்ற வரிகள். ஒவ்வொரு சிறகின் நடுவிலும் முக்கோண வடிவில் ஒரு சன்னல். முன்சிறகுகளின் நுனி வளைந்து, ஒரு கரும்புள்ளியைக் கண்ணாகக் கொண்டு, பக்கவாட்டில் பார்த்த பாம்பின் தலையைப்போலவே இருந்தது. பெரியவர் அஞ்சியதில் பிழையில்லை. சீனத்தின் காண்டன் பகுதி மக்கள் இவ்வினத்துக்குப் பாம்புத்தலைப் பூச்சி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

"மருந்து அடிச்சுப் போடலாமுங்களா?" என்று கேட்டார்.

"அவசரம் வேண்டாமுங்க ஐயா. அது கடிக்காது, கொட்டாது. முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வோம்" என்று சொல்லித் தெளிப்பானை இறக்கி வைக்கச் செய்தோம்.

படம் எடுப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். இப்போது கைபேசி இல்லாத வீடில்லை. ஆயினும் பெரிய பூச்சியை எடுத்த படங்களில் பெரும்பாலானவை பூச்சியின் பெருமையைக் காட்டுவதில்லை. பக்கத்தில் அளவு காட்டும் பொருள் இல்லையானால் இருபது சென்டிமீட்டர் விட்டிலும் இரண்டு சென்டிமீட்டர் விட்டிலும் படத்தில் ஒன்றே. நாம் ஓர் அடிக்கோலை மூங்கில் குச்சியின் நுனியில் கட்டி, சிறகைத் தொடாமல் அதற்கு இணையாக நீட்டிப் பிடிக்கச் செய்து எடுத்தோம். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 19 சென்டிமீட்டர். பளிச்சென்று வெட்டும் செயற்கை ஒளியைத் தவிர்த்துக் காலை வெயில் சாய்வாக விழும்வரை காத்திருந்தோம். நேரே நின்று ஒரு படம்; பக்கவாட்டில் நின்று உணர்கொம்புகளை ஒரு படம்; சூரியனுக்கு எதிர்ப்புறம் நின்று சிறகின் ஊடே ஒரு படம். மூன்றாவதுதான் மிகச் சிறந்தது. நாம் சன்னல் என்று சொன்ன இடங்களில் செதில்களே கிடையாது. விட்டிலின் நிறமெல்லாம் சிறகின்மேல் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கிய நுண்ணிய செதில்களால் வருவது. செதில் இல்லாத இடத்தில் சிறகு கண்ணாடிக் காகிதமாகிறது. படத்தில் அந்த நான்கு சன்னல்கள் வழியே மறுபுறத்துக் கொய்யா இலையின் நரம்பு தெரிகிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அது பெண் என்பது உறுதியாயிற்று. ஆணுக்கு உணர்கொம்பு அகன்ற இறகைப்போல் இருக்கும், இதற்கோ ஒடுங்கியிருந்தது. வயிறும் முட்டைப் பாரத்தால் பருத்திருந்தது.

இதன் பெயர் அட்லாஸ் விட்டில். அந்துப்பூச்சி என்று எழுதுவாரும் உண்டு. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல், கிரேக்கக் கதையில் வானைத் தோளில் சுமக்கும் அட்லாஸின் பெயரை இதற்கு இட்டார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் வகையை 1880-களில் மூர் என்னும் ஆங்கிலேயர் தனியே பிரித்து, இலங்கைக்குக் கிரேக்கர் வழங்கிய தாப்ரபேன் என்ற பழம்பெயரால் குறித்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளும் அவற்றை ஒட்டிய தோட்டங்களும் இதன் இருப்பிடம். சிறகின் பரப்பில் இதை மிஞ்சுவதற்கு ஆஸ்திரேலியா, நியூகினிப் பக்கத்து ஹெர்குலிஸ் விட்டில்தான் உண்டு என்பார்கள். நம் ஊர்க் கொய்யா மரத்துக்கு இது குறைந்த பெருமையன்று.

பெரியவர் அடுத்துக் கேட்ட கேள்வி விவசாயி கேட்க வேண்டிய கேள்வியே. "இத்தன பெருசா இருக்குதே, என்னத்தைத் தின்னுமுங்க?" ஒன்றையும் தின்னாது என்பதே பதில். சிறகு முளைத்த நிலையில் இதற்குப் பயன்படும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் வாழ்ந்து, முட்டையிட்டு மடியும். மல்பெரிப் பட்டுப்பூச்சியும் இவ்வாறே. தின்பதெல்லாம் புழுப் பருவத்தில். கொய்யா, எலுமிச்சை இனம், இலவங்கம் முதலிய பல மரங்களின் இலை அதற்கு உணவாகும். வெண்மாவு பூசியதுபோன்ற இளநீலப் பச்சை நிறத்தில், உடலெங்கும் சதைப்பற்றான முட்களோடு விரல் பருமனுக்கு வளரும். இவ்வாறு நாம் சொன்னதும் ஆடி மாதத்தில் தம் பேரன் கொய்யாவில் அத்தகைய புழுக்களைக் கண்டு கூச்சலிட்டதைப் பெரியவர் நினைவுகூர்ந்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தோம். ஓரிரு கிளைகளில் இலை குறைந்திருந்தது, புதுத் தளிர் வந்துகொண்டிருந்தது, காய்ப்புக்குக் குறைவில்லை.

வளர்ந்த மரத்துக்கு இப்புழுக்களால் கேடில்லை. கன்றாயின் மொட்டையடித்துவிடக் கூடும். அப்போதும் கையால் பொறுக்கிப் பெரிய மரத்தில் விட்டால் போதும். பொறுக்கத் தெரியாத அளவுக்குச் சிறியவையுமல்ல.

இதே விட்டிலை அரசாங்கமே தேடிப் பிடித்த சம்பவமும் உண்டு. 2022 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பெல்வியூ நகரில் ஓர் அட்லாஸ் விட்டில் காணப்பட்டது. அந்நாட்டில் உறுதி செய்யப்பட்ட முதற் காட்சி அதுவே. வேறெங்கேனும் கண்டால் படம் எடுத்து அனுப்புமாறு வேளாண் துறையினர் மக்களைக் கேட்டுக்கொண்டனர். அங்கு அது அந்நிய நாட்டுப் பூச்சி. அதை அடக்கி வைக்கும் குளவிகளும் ஈக்களும் அங்குண்டு என்று நம்பியிருக்க முடியாது. இங்கு அது நம் காட்டுப் பிறவி. அதன் முட்டையையும் புழுவையும் தின்று தணிக்கும் உயிர்களும் இங்கேயே இருக்கின்றன. அதனாற்றான் ஓர் ஆண்டில் ஒன்றிரண்டைக் காண்பதே நமக்கு அதிசயமாக இருக்கிறது.

மல்பெரிக்குக் கேடு செய்பவை வேறு: இலைச்சுருட்டுப் புழு, இலைப்பேன், மாவுப்பூச்சி. 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் முதன்முதலாகத் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை இவ்வட்டாரத்து மல்பெரிக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அடித்த மருந்துக்கு அது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறு குளவியை வருவித்துத் தோட்டங்களில் விட்ட பின்னரே அடங்கியது. கண்ணுக்குத் தெரியாத குளவி செய்த காரியத்தைத் தெளிப்பான் செய்யவில்லை.

தெளிப்பானைப் பற்றியே பேச வேண்டும். அன்று பெரியவரின் மனையில் புழுக்கள் ஐந்தாம் பருவத்தின் மூன்றாம் நாளில் இருந்தன. ஒரு தவணையில் தின்னும் இலையில் பெரும்பகுதியைப் புழு தின்பது இப்பருவத்தில்தான். காற்று மேற்கேயிருந்து, அதாவது கொய்யாவிலிருந்து மல்பெரியை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. விட்டிலின்மேல் அடிக்கும் மருந்து விட்டிலோடு நின்றுவிடுமா? பட்டுப்புழுவும் ஒரு விட்டிலின் புழுவே. ஒன்றைக் கொல்லும் நஞ்சு மற்றதைப் பங்காளி என்று பார்த்து விட்டுவிடுவதில்லை. இலையில் படிந்த மிகச் சிறு அளவும் அதற்குப் போதும். தலையை அங்குமிங்கும் ஆட்டும், பச்சைநீர் கக்கும், உடல் சுருங்கி விழும்.

சில ஆண்டுகளுக்கு முன் தணிக்கைக்காக நாம் சென்ற ஒரு கிராமத்தில் இதைக் கண்ணாரக் கண்டோம். பக்கத்துத் தோப்பில் ஒருவர் காலையில் மருந்தடித்தார். மாலையில் இவர் மல்பெரி பறித்துப் போட்டார். மறுநாள் விடிவதற்குள் தட்டுகளில் 200 முட்டைத் தொகுதியின் புழுக்கள் கிடந்த கிடையை எழுத மனம் வரவில்லை. இன்னும் நான்கே நாளில் சந்திரிகையில் ஏற வேண்டிய புழுக்கள் அவை. அடித்தவருக்கும் விரோதமில்லை, அவர் தம் தோப்பைக் காக்க அடித்தார். ஆனால் கடன் பேரேட்டில் தவணை தவறியதாக ஏறியது புழு வளர்த்தவரின் பெயர். மனையைக் கழுவி, அடுத்த தவணை முட்டைக்குப் பணம் திரட்ட அவர் பட்டபாடு, பேரேட்டின் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு போய், அதிலிருந்த கரைசலை மல்பெரிக்கும் கிணற்றுக்கும் எட்டாத மேட்டில் குழி வெட்டி ஊற்றி மூடிவிட்டு வந்தார். அவரிடமிருந்த புட்டி டைக்குளோர்வாஸ் என்னும் பழைய மருந்து. 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் அதற்குத் தடை உண்டு. அத்தகைய புட்டிகள் இன்னும் பல வீடுகளின் பரணில் இருப்பதை அறிவோம். பரணில் வைத்திருப்போர் அவற்றை வேளாண் அலுவலரிடம் காட்டி, கழிக்கும் முறையைக் கேட்டுக்கொள்வது நலம்.

விட்டில் அன்று முழுதும் நகரவில்லை. இதைச் சோம்பல் என்று எண்ணலாகாது. பெண் விட்டில் தேடிப் போவதில்லை. மாலை மங்கியதும் வயிற்று நுனியிலிருந்து ஒருவகை வாசனையைக் காற்றில் விடுகிறது. நம் மூக்குக்கு அது எட்டாது. ஆணின் இறகுக் கொம்புகளுக்கு வெகு தொலைவிலிருந்தே எட்டிவிடும். நாம் செய்யக்கூடியது ஒன்றே இருந்தது: வாசல் விளக்கை அணைத்தோம். விளக்கைக் கண்டால் விட்டில் வழி மாறிச் சுற்றத் தொடங்கும். ஒளியின்மேல் உள்ள ஆசையால் அது சுற்றுகிறது என்று புலவர்கள் சொல்லி வந்தார்கள். 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு காரணம் காட்டுகிறது. இரவில் பறக்கும் பூச்சிகள் வெளிச்சமுள்ள பக்கத்தை வானம் என்று கொண்டு முதுகை அப்பக்கம் திருப்பிப் பறக்கின்றனவாம். வானம் தலைக்கு மேலே இருக்கும்வரை சரி; விளக்கு பக்கத்தில் இருந்தால் முதுகைத் திருப்பித் திருப்பி அதையே வட்டமிட நேர்கிறது. ஆசை என்ற பழியிலிருந்து விட்டிலுக்கு விடுதலை கிடைத்தது.

மறுநாள் விடியலில் கிளையில் இரண்டு விட்டில்கள் இருந்தன. வந்தது சற்றுச் சிறியது. கொம்புகள் சீப்பைப்போல் அகன்றிருந்தன. "மாப்பிள்ள வந்துட்டாருங்களா?" என்று பெரியவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். முதல் நாள் பாம்பு என்றவர் அவர். இருவரையும் சேர்த்து எடுத்த படத்தில் ஒளி குறைவு. ஆனால் உறவு தெளிவு.

ஆண் அன்றிரவே போய்விட்டது. பெண் அடுத்த மூன்று இரவுகளில் இலையடியிலும் கிளையிலும், சிறிது நம் வீட்டுச் சுவரிலும் முட்டைகளை இட்டது. எண்ணக்கூடியவற்றை எண்ணியதில் 140-க்கு மேல். எட்டாம் நாள் சிறகு நைந்து மரத்தடியில் கிடந்தது. பன்னிரண்டு நாட்களுக்குப் பின் புழுக்கள் வெளிவந்தன; எறும்புகளும் சிட்டுகளும் தம் பங்கை எடுத்துக்கொண்டன. எலுமிச்சைக் கன்றுக்கு நகர்ந்துவிட்ட ஒன்பது புழுக்களைப் பெரியவரின் பேரன் குச்சியால் எடுத்துக் கொய்யாவில் விட்டான். இதற்கிடையே மனையில் இருந்தவை கூடு கட்டி முடித்து விற்பனைக்கும் சென்றுவிட்டன.

இனி அந்தக் காலிக் கூட்டைப் பற்றி. நெசவாளர் வாசகர்கள் இதற்காகவே காத்திருந்திருப்பார்கள்.

நாம் பட்டு என்றால் மல்பெரிப் பட்டையே சொல்கிறோம். நம் நாட்டில் 2022-23-இல் விளைந்த 36,500 டன்னுக்கு மேற்பட்ட பட்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அதுவே. மிச்சம் காட்டுப் பூச்சிகள் தருவது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா ஆகிய மாநிலங்களின் ஆதிவாசி மக்கள் மருது மரங்களில் புழு விட்டு வளர்க்கும் டஸர். அஸ்ஸாமின் பொன்னிற மூகா. ஆமணக்கு இலையும் மரவள்ளி இலையும் தின்னும் ஏரி. இப்பூச்சிகள் மூன்றும் நம் அட்லாஸ் விட்டிலின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றிலும் ஏரிப்பூச்சி மிக நெருங்கிய உறவு. அதன் கூட்டைப்போலவே அட்லாஸின் கூட்டுக்கும் ஒரு முனையில் திறப்பு உண்டு. அவ்வழியே பூச்சி தானாக வெளியேறுகிறது. கொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனால் இழை ஒரே ஓட்டமாக வராது. பஞ்சைப்போல் நூற்கத்தான் வேண்டும். அட்லாஸ் கூட்டிலிருந்து கிடைக்கும் முரட்டுப் பழுப்புப் பட்டுக்கு பகாரா என்ற பெயர் வழங்குகிறது. தைவான் தீவில் வெற்றுக் கூட்டையே சில்லறைக் காசுப் பையாகப் பயன்படுத்துவதுண்டு. ஏரியைப்போல் இதைத் தொழிலாகச் செய்யலாமென்று யாரும் மனக்கோட்டை கட்ட வேண்டாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு கூடு கிடைக்கும் காரியம் தொழிலாகாது.

ஆயினும் கையில் கிடைத்ததைச் சோதித்துப் பார்க்கும் ஆசை விடவில்லை. கூட்டின் அமைப்பே பார்க்கத் தக்கது. புழு தன்னைச் சுற்றி இலையை மடித்துக்கொண்டதோடு, இலைக்காம்பையும் பட்டிழையால் சுற்றிக் கிளையோடு கட்டியிருந்தது. இலை காய்ந்து உதிர்ந்தாலும் கூடு விழாதிருப்பதற்கு இந்த ஏற்பாடு. நெகமத்துப் பக்கம் பருத்திச் சேலை நெய்யும் சங்கத்து அங்கத்தினரான ஓர் அம்மையாரிடம் அதைக் கொண்டுசென்று கொடுத்தோம். அவர் மாமியார் தக்ளியில் நூற்றவர். அந்தத் தக்ளி வீட்டில் இன்னும் இருக்கிறது. அம்மையார் கூட்டைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்தார். பிறகு பலமுறை அலசி, ஈரம் போக உதறி, விரலால் பிரித்துத் தக்ளியில் முறுக்கினார். முதலில் இரண்டு முறை அறுந்தது. பிறகு பிடிபட்டது. மொத்தம் பதினோரு முழம் வந்தது. ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு, நிறம் பனைவெல்லம்.

அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்த அம்மையார், "இது பட்டுமில்லீங்க, பஞ்சுமில்லீங்க. ஆனா நூலுதானுங்க" என்றார்.

தறியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு துண்டின் கரையில் நான்கு ஊடைக்கு அந்நூல் போதுமானதாக இருந்தது. எஞ்சிய நூலும், அடிக்கோலோடு எடுத்த படமும் ஓர் அட்டையில் ஒட்டப்பட்டு அச்சங்கத்தின் விற்பனை மேசையில் வைக்கப்பட்டுள்ளன. அலுவல் நேரத்தில் அங்கத்தினர்கள் வந்து பார்க்கலாம்; துண்டு விற்பனைக்கன்று.